அறுநூறு ஆம்பியரில் வெந்த இடுப்பு

பெயர் ஜெஸ்வின், வயது இருபத்துநான்கு, இருப்பது சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டுக்குப் பின்னால் மூன்றாவது சந்து. இந்த மூன்றையும் சொல்லாமல் அவன் போனிடம் வாயைத் திறப்பதில்லை. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பதினேழு பேர். அதில் மூன்று பேர் தினமும் நம்பரைப் பார்த்து ‘யார் இது’ என்று கேட்கிறவர்கள். அதனால் ஸ்டேஷனில் வாக்குமூலம் கொடுக்கிறவனைப் போல அடையாளத்தைச் சொல்லிவிட்டுத்தான் விஷயத்துக்கு வருவான். கையால் டைப் செய்ய வழியில்லை. வேலை நேரத்தில் இரண்டு கையிலும் உறை, உறைக்கு மேல் வெள்ளை மாவு. அவன் பேசுவான், போன் எழுதும், சொந்த ஊரான நாசரேத்தில் தேவகிருபை அத்தை அதைத் தெருவுக்கே கேட்கும்படி வாசிப்பாள்.

அந்த வியாழக்கிழமை காலையில் அவன் பேசியது இது: “நான் ஜெஸ்வின், வயசு இருபத்தி நாலு, சாத்தாங்காட்டுல இருந்து பேசுதேன். நல்லா இருக்கேன். நாளைக்கு வேலைய நிரந்தரம் பண்ணி லெட்டர் தாராவ. யாரும் பயப்பட வேண்டாம். நானும் பயப்படல.”

அதுவரை ஊரில் யாரும் பயப்படவில்லை. இதைக் கேட்ட பிறகுதான் அவன் அம்மா பயந்தாள்.

பயப்படக் காரணம் இருந்தது. இரண்டு வருடத்தில் இது மூன்றாவது வேலை. எண்ணூரில் வால்வு செய்த கம்பெனி, அவன் சேர்ந்த ஐந்தாவது மாதம் மூடிக்கொண்டது. திருவொற்றியூரில் ரப்பர் கம்பெனிக்காரர்கள் ஆறு மாதம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது அவனைக் கூப்பிட்டு, உன் வேலை எங்களுக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இந்தத் தடவையாவது நிரந்தரம் ஆகும் என்ற நம்பிக்கையில் அத்தை போன ஞாயிறே கோயிலில் ஸ்தோத்திரக் காணிக்கை போட்டுவிட்டாள். கடவுளுக்கு முன்பணம் கட்டியாகிவிட்டது. இனி வேலை போனால் அவன் மட்டுமல்ல, கடவுளும் பதில் சொல்லவேண்டியிருக்கும்.

அவன் வேலை பார்த்த இடத்துக்கு ‘திசைவேல் சர்ஃபேஸ் கோட்டிங்ஸ்’ என்று பெயர். முதலாளி சண்முகவேலுக்குத் திசையன்விளை. இரும்புத் தகடு விற்க வந்தவர், தகடு தேய்ந்துபோவதைப் பார்த்துப் பார்த்து, தேயாமல் இருக்கப் பூச்சு அடிப்பதில் இறங்கினார். ப்ளாஸ்மா கன் ஒன்று வாங்கினார். கன்னுக்குள் போகிற ஆர்கான் வாயுவில் மின்சாரம் பாய்ந்து, வெளியே ஒரு சுவாலை சீறும். அதில் எந்தப் பீங்கான் மாவைத் தூவினாலும் உருகிப் பறந்து, எதிரே சுழலும் இரும்பின்மேல் வடை தட்டியதுபோல் தட்டையாக விழுந்து ஒட்டிக்கொள்ளும். வடைமேல் வடை, வடைமேல் வடை. அப்படித்தான் பதினொரு வருடமாக, பம்புக்குள் மாட்டும் ஸ்லீவ் என்ற இரும்புக் குழாய்களுக்கு அடித்துக்கொண்டிருந்தார்கள்.

இரண்டு வருடத்துக்கு முன் சண்முகவேல் நந்தம்பாக்கத்தில் மருத்துவக் கருவிக் கண்காட்சிக்குப் போனார். திரும்பும்போது கையில் இலவசத் துணிப்பை இரண்டும், தலையில் ஒரு யோசனையும் இருந்தன. இரும்புக்கு அடிக்கிறவன் எலும்புக்கு அடிக்க மாட்டானா? ஒரு மாதத்தில் பட்டறையின் ஓரமாகக் கண்ணாடிக் கதவு வந்தது, ஏசி வந்தது, ‘உயிர்ப் பீங்கான் பிரிவு’ என்று போர்டு வந்தது. பூச்சு அடிக்கும் கூண்டும் கன்னும் மட்டும் பழையவைதான். உள்ளே வருகிறவர்கள் செருப்புக்கு மேல் மாட்டிக்கொள்ள நீலப் பிளாஸ்டிக் உறைகள் வாங்கினார். ஒருமுறை போட்டுத் தூக்கி எறிய வேண்டிய உறைகள். அவை வாரம் ஒருமுறை துவைக்கப்பட்டு மொட்டைமாடிக் கொடியில் காய்ந்தன. சுத்தத்தில் சமரசம் கிடையாது என்று சண்முகவேல் சும்மா சொல்லவில்லை.

வேலை என்னவோ உண்மையான வேலைதான். இடுப்பு மூட்டு மாற்றுகிறவர்களுக்குத் தொடை எலும்புக்குள் டைட்டானியத் தண்டு ஒன்றை இறக்குவார்கள். வெறும் உலோகத்தை எலும்பு அவ்வளவு சீக்கிரம் சேர்த்துக்கொள்ளாது. அதனால் தண்டின்மேல் ஹைட்ராக்ஸி அபடைட் என்ற பொருளைப் பூசுவார்கள். எலும்பில் இருக்கும் அதே கால்சியம் பாஸ்பேட்தான். எலும்பு அதைத் தொட்டுப் பார்த்து, நம்மாள்தான் என்று நம்பி, மெல்ல மெல்ல வளர்ந்து பிடித்துக்கொள்ளும். அந்தப் பெயரைச் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததால் பட்டறையில் அதை எலும்பு மாவு என்றார்கள்.

சேர்ந்த புதிதில் ஜெஸ்வின் இதைக் குடும்பத்துக்கு விளக்கியிருந்தான். “கற்கண்டையும் பஞ்சுமிட்டாயையும் நெனச்சுக்கோங்க. ரெண்டும் சீனிதான். கற்கண்ட வாயில போட்டா ரொம்ப நேரம் கெடக்கும். பஞ்சுமிட்டாய் போட்ட ஒடனே காணாமப் போயிரும். எங்க மாவு கற்கண்டு மாதிரி. சூடு அளவா இருந்தா மேலாப்புல மட்டும் உருகி ஒட்டும், உள்ளுக்குள்ள கற்கண்டாவே இருக்கும். சூடு கூடிட்டா முழுசா உருகிப் பஞ்சுமிட்டாயா ஆயிரும். பாக்க நல்லாருக்கும். உடம்புத் தண்ணியில கரைஞ்சிரும்.”

இதற்கு அத்தை கைகூப்பும் படம் மூன்று போட்டாள். தங்கை மகிமா மட்டும் கேட்டாள்: “அண்ணே, நீ மிட்டாய் கம்பெனியிலயா இருக்க?”

அளவான சூட்டுக்கு நானூற்றைம்பது ஆம்பியர். அந்த எண்ணையும் கன்னுக்கும் தண்டுக்கும் இடையிலான தூரத்தையும் தண்டுகளை வாங்குகிற கம்பெனி எழுதிக்கொடுத்திருந்தது. ஒரே தடவையில் அடித்து அனுப்பும் ஒவ்வொரு லாட்டோடும் ஓர் அட்டை போகும். அதில் எந்த எண்ணில் அடித்தார்கள் என்று பார்த்து எழுதி, அடித்தவர் ஒரு கையெழுத்து, சரிபார்த்தவர் ஒரு கையெழுத்து போடவேண்டும். தினமும் ஒரே எண்ணைத்தானே எழுதுகிறார்கள், எதற்கு வீணாக மை என்று சண்முகவேல் எண்களையும் சேர்த்தே நூறு அட்டை அச்சடித்துவிட்டார். என்ன நடந்தாலும் அட்டையில் நானூற்றைம்பதுதான் நடந்தது.

பூச்சில் கற்கண்டு எவ்வளவு, பஞ்சுமிட்டாய் எவ்வளவு என்று பார்க்க எக்ஸ்ரே சோதனை ஒன்று உண்டு. வெளியே லேபுக்கு அனுப்பினால் ஐந்து நாள் ஆகும். முதல் லாட்டுக்கு அனுப்பினார்கள். எழுபத்திரண்டு சதவீதம் படிகம் என்று அருமையான ரிப்போர்ட் வந்தது. அவ்வளவு அருமையான ரிப்போர்ட்டை ஒரே தடவை பயன்படுத்த சண்முகவேலுக்கு மனசு வரவில்லை. அடுத்தடுத்த ஏழு லாட்டுக்கும் அதுவே போனது. தேதிக்கு மட்டும் வயது ஏறிக்கொண்டிருந்தது.

ஆக, தண்டு பட்டறையை விட்டு வெளியே போகும் முன் உண்மையாகக் குறுக்கே நிற்கக்கூடியது ஒன்றே ஒன்று: சரிபார்த்தவன் கையெழுத்து. அது ஜெஸ்வின்.

புதன்கிழமை அவன் மணலிக்கு ஆர்கான் சிலிண்டர் எடுக்கப் போயிருந்தான். அன்றைக்குத்தான் செங்குட்டுவன் ஒன்பதாவது லாட்டின் நாற்பது தண்டுக்கும் அடித்து முடித்தார். செங்குட்டுவனுக்கு வியாசர்பாடி, நாற்பத்தாறு வயது, கன் பிடிக்க ஆரம்பித்து இருபது வருடம். அவர் அடித்த ஸ்லீவ் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. இதை முதல்முறை பார்க்கிறவர்களிடம் சொல்வார். தினமும் பார்க்கிறவர்களிடமும் சொல்வார்.

தண்டுகளோடு சேர்த்து நாலு சின்ன டைட்டானிய வில்லைகளுக்கும் அதே பூச்சை அடிப்பது வழக்கம், சோதித்துப் பார்க்க. வியாழக்கிழமை மதியம் அதில் ஒன்றைப் பசை போட்டு இழுவை மெஷினில் மாட்டினார்கள். பூச்சு பெயரும் வரை மெஷின் இழுக்கும். பதினைந்து மெகாபாஸ்கல் தாங்கினால் பாஸ். போன லாட் இருபத்திரண்டு தாங்கியது. இது நாற்பத்தொன்று.

சண்முகவேல் ஜாங்கிரி வாங்கிவரச் சொன்னார்.

“பாத்தியா நைனா?” பூச்சை எப்போதும் கோட்டு என்றே சொல்லும் செங்குட்டுவன் ஜாங்கிரிக் கையோடு ஜெஸ்வின் பக்கம் வந்தார். “நாப்பத்தொண்ணு. மெசினு அழுவுது, என் கோட்டு அழுவல.”

ஜெஸ்வின் மீதி வில்லை ஒன்றை டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தான். பழைய லாட் எல்லாம் சுண்ணாம்பு அடித்த சுவர்போல மங்கலாக இருக்கும். இது பீங்கான் தட்டுபோல மின்னியது.

“அண்ணே, இது ஏன் இப்படி மின்னுது?”

“நல்லா வெந்துகீது. வெந்தா மின்னாம?”

ஜெஸ்வின் வில்லையைக் கையில் வைத்துக்கொண்டே கன்னின் கன்ட்ரோல் பெட்டியில் முந்தின நாள் பதிவைத் திறந்தான். 598, 601, 600, 600. நாற்பது தண்டுக்கும் அதுதான்.

“அண்ணே, அறுநூறு காட்டுது.”

“ஆமா.”

“கார்டுல நானூத்தம்பது.”

“கார்டு அடிச்சவன் கன்னு புடிச்சிகீறானா? நானூத்தம்பதுல பாதி மாவு வேவாம எகிறிப் போயி கீய கொட்டுது. திங்கக்கெயம மொதலாளி வந்து தரைய பாத்துட்டு, இன்னாய்யா, எலும்பு மாவுல கோலம் போட்டு கீறியானு கேக்கறாரு. நாலு பேரு முன்னாடி. இருவது வருசத்துல என்ன அப்டி ஒருத்தன் கேட்டது இல்ல. ஏத்தி வுட்டேன். இப்ப ஒரு பொட்டு கீய வுயல.”

“அண்ணே, இது முழுசா வேகக் கூடாதுண்ணே. பாதி வேகாமத்தான் இருக்கணும்.”

செங்குட்டுவன் அவனை மேலும் கீழும் பார்த்தார். “அர வேக்காட்ட மன்சன் இடுப்புல வெக்கணும்ன்ற.”

“ஆமாண்ணே.”

“இத்த இங்கியே வுட்டுடு. வெளிய போயி சொல்லாத. நம்பளத்தான் சிரிப்பானுங்க.”

ஜெஸ்வின் வில்லையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். எதிர்த்துப் பேசும் தைரியம் இருந்திருந்தால் ரப்பர் கம்பெனியிலேயே ஏதாவது பேசியிருப்பான். ஆனால் பயந்தவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு: நிச்சயமாகத் தெரிந்துகொள்ளாமல் அவனால் நிம்மதியாகப் பயப்படவும் முடியாது. சாயங்காலம் டீ நேரத்தில் மெயின் ரோட்டுக்குப் போய், ஃப்ரைட் ரைஸ் தள்ளுவண்டி முத்தம்மாவிடம் கொஞ்சம் வினிகர் கேட்டான்.

“வூட்ல சமையலா கண்ணு?”

“இல்லக்கா, கம்பெனியில ஒரு டெஸ்ட்டு.”

“என் வினிகர வெச்சா? அப்ப உங்க கம்பெனி உருப்பட்டுச்சு.” அவள் ஒரு கவரில் ஊற்றிக் கட்டிக்கொடுத்தாள்.

இரண்டு எவர்சில்வர் டம்ளர். இரண்டிலும் நிறையத் தண்ணீர், கொஞ்சம் வினிகர். ஒன்றில் போன லாட்டின் வில்லை, மற்றதில் புதன்கிழமை வில்லை. மேலே தட்டு போட்டு மூடி, ‘குடிக்காதீர்’ என்று எழுதி ஒட்டிவிட்டுப் போனான். அன்று குடும்பக் குழுவில் அத்தை கேட்டாள், லெட்டர் இங்கிலீஷில் வருமா தமிழில் வருமா, பாஸ்டரிடம் காட்டவேண்டும். ஜெஸ்வின், எதில் வந்தாலும் காட்டலாம் என்று பேசி அனுப்பினான். பெயரும் வயதும் சொல்ல மறந்துவிட்டான். உடனே ஒருவர், யார் இது என்று கேட்டார்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குத் தட்டைத் திறந்தான். போன லாட் வில்லை வெள்ளையாகவே கிடந்தது, கொஞ்சம் மெலிந்திருந்தது, அவ்வளவுதான். புதன்கிழமை வில்லையில் நடுவில் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு வெறும் உலோகம் பளிச்சென்று தெரிந்தது. ஓரத்தில் மட்டும் கொஞ்சம் வெள்ளை, மொட்டைத்தலையைச் சுற்றி மிஞ்சின முடிபோல.

செங்குட்டுவன் பின்னால் வந்து நின்றதை அவன் கவனிக்கவில்லை.

“இன்னாடா இது?”

“நேத்து வச்சேண்ணே. வினிகர் தண்ணி.”

செங்குட்டுவன் வில்லையை எடுத்து விரலால் தடவினார். திருப்பிப் பார்த்தார். மறுபடி முன்பக்கம் திருப்பினார், அங்கேயாவது இருக்குமோ என்பதுபோல.

“என் கோட்டு எங்க?”

“தண்ணியில.”

“மன்சன் உடம்புல இன்னா வினிகரா ஓடுது?”

“இல்லண்ணே. வினிகர்ல ஒரு ராத்திரி. உடம்புல ரெண்டு மூணு மாசம். ஆனா எலும்பு வளந்து வந்து பிடிக்கதுக்கும் அவ்வளவு நாளாவும். வந்து பாக்கும்போது பிடிக்கதுக்கு ஒண்ணும் இருக்காது. தண்டு ஆடும்.”

“ஆடுனா?”

“வலிக்கும். மறுபடி ஆபரேசன். மறுபடி தொடைய அறுக்கணும்.”

செங்குட்டுவன் வில்லையைக் கீழே வைத்தார். இழுவை மெஷினைப் பார்த்தார். அது நாற்பத்தொன்றில் நின்றிருந்தது. யாரும் அதை அணைக்கவில்லை, பெருமைக்காக விட்டுவைத்திருந்தார்கள்.

“கோட்டு நல்ல கோட்டு,” என்றார் கடைசியில். “நீ சொல்ற வேலைக்கு ஆவாது. அவ்ளோதான்.”

டெம்போ பதினொரு மணிக்கு வரவேண்டியது, பத்தேமுக்காலுக்கே வந்து ஹாரன் அடித்தது. சாத்தாங்காட்டில் வண்டி நேரத்துக்கு முன்னால் வருவது வருடத்துக்கு ஒருமுறை நடக்கும். ஜெஸ்வினின் வருடத்தில் அது அன்றைக்கு நடந்தது. சண்முகவேல் அவனை உள்ளே கூப்பிட்டார். மேசையில் இரண்டு காகிதம்: ஒன்று லாட் அட்டை, மற்றது பறக்காமல் இருக்க மேலே கண்ணாடிக் குண்டு வைத்த நிரந்தர லெட்டர். லெட்டரில் அவன் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது.

“வா எய்யா, வா. நம்ம ஊருப் பிள்ள நீ. இதுல ஒரு கையெழுத்தப் போடு, அதுல ஒரு கையெழுத்தப் போடு. ரெண்டும் ஒரே பேனாதான்.”

ஜெஸ்வின் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னான். அறுநூறு, பளபளப்பு, இரண்டு டம்ளர். வாக்கியங்கள் பாதிப் பாதியாக வந்தன. சண்முகவேல் குறுக்கே பேசாமல் கேட்டார். நல்ல முதலாளிகள் எல்லாவற்றையும் கேட்டுக்கொள்வார்கள்.

“அந்த டம்ளர் சோதனைக்கு ஐ.எஸ்.ஓ. இருக்கா?”

“இல்ல சார்.”

“இழுவ மெசினுக்கு இருக்குல்லா? அது நாப்பத்தொண்ணுங்கு. நீ டம்ளர நம்புவியா, மெசின நம்புவியா?”

“மெசினு எவ்வளவு ஒட்டிருக்குன்னு சொல்லுது சார். எத்தன நாள் ஒட்டிருக்கும்னு டம்ளர்தான் சொல்லுது.”

“இங்கேரு.” சண்முகவேல் நாற்காலியில் சாய்ந்தார். “இடுப்பு மாத்துதவுக எல்லாம் வயசானவுக. ஓட்டப்பந்தயமா ஓடப் போறாவ? கோயிலுக்குப் போவாவ, பாத்ரூம் போவாவ.”

“பாத்ரூம் போறப்ப தண்டு ஆடுனா விழுந்துருவாவ சார்.”

“நீ நல்லதே நெனைக்க மாட்டியாடே? எலும்புன்னு ஒண்ணு இருக்கு, டாக்டர்னு ஒருத்தர் இருக்காரு, மேல சாமி இருக்கு. எல்லாத்தையும் நம்ம பட்டறையிலயே பாக்கணும்னா எப்படி?”

“கோட்ட உரிச்சுட்டு மறுபடி அடிச்சிரலாம் சார். அமிலத்துல போட்டா வந்துரும். நாலு நாளு.”

“நாலு நாளு லேட்டுன்னு வாங்குதவன்ட்ட நீ சொல்லுவியா?” சண்முகவேல் அதற்குப் பதில் எதிர்பார்க்கவில்லை. வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தார். “குட்டுவா, வா, கையெழுத்தப் போடு. பிள்ள பயப்படுதான்.”

செங்குட்டுவன் வந்தார். பேனாவை வாங்கினார். கையெழுத்து போடும் இடத்துக்குப் போன பேனா, பாதி வழியில் நின்றது. அவர் அட்டையை இதுவரை படித்ததே இல்லை. அச்சடித்த அட்டையைப் படிக்க யாருக்கும் அவசியம் வந்ததில்லை. இப்போது விரல் வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார்.

“இதுல நானூத்தம்பதுனு போட்டு கீது.”

“ஆமா, எப்பவும் அதான.”

“நான் அடிச்சது அறுநூறு.”

“சரிய்யா, போடு.”

“நானூத்தம்பதுல அடிச்சா நாப்பத்தொண்ணு வருமா மொதலாளி?” செங்குட்டுவனின் குரலில் உண்மையாகவே அடிபட்டிருந்தது. “எவனாவது இத்த படிச்சா, செங்குட்டுவன் நானூத்தம்பதுல ஓட்டிகினு கீறான், மெசின்ல ஏதோ கோல்மால் பண்ணி நம்பர் காட்றான்னு சொல்வான். நான் அடிச்சத நான் அடிச்சேன்.”

அவர் நானூற்றைம்பதைக் கோடு போட்டு அடித்தார். பக்கத்தில் 600 என்று எழுதினார், பூஜ்யங்களைப் பெரியதாக. கீழே முழுப்பெயரில் கையெழுத்து போட்டுத் தேதியும் போட்டார். தப்பு செய்த மனிதர், செய்த தப்பின் பெருமையை விட்டுக்கொடுக்க மாட்டேன் என்றதால், அந்தப் பட்டறையின் ஒன்பது லாட்டில் முதன்முறையாக ஓர் அட்டையில் உண்மை ஏறியது.

சண்முகவேல் அந்த அட்டையைப் பார்த்தார். பிறகு மேசை டிராயரைத் திறந்து புது அட்டை ஒன்றை எடுத்தார். இன்னும் தொண்ணூறு சொச்சம் இருந்தது.

“இதுல போடு.”

“அத்த நீயே வெச்சிக்கோ மொதலாளி. உரிச்சு குடு, நானூத்தம்பதுல மறுபடியும் அடிக்கிறேன். கீய கொட்டுனா கொட்டட்டும், கோலம்னு மட்டும் சொல்லாத. அப்பால இதுல போடறேன்.” செங்குட்டுவன் பேனாவை மேசையில் வைத்துவிட்டு வெளியே போனார். காலில் மாட்டியிருந்த நீல உறையைக் கழற்றிக் கூடையில் போட்டார், ஞாயிற்றுக்கிழமை துவைக்க.

சண்முகவேல் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். பிறகு புது அட்டையில் அடித்தவர் என்ற இடத்தில் ‘செங்குட்டுவன்’ என்று தானே எழுதினார். கன்னைத் தொடாமலே நாற்பது தண்டுக்குப் பூச்சு அடித்த முதல் ஆள் அவராகத்தான் இருக்கும்.

“இனி ஒன் கையெழுத்து மட்டுந்தான் எய்யா. மகிழினி மேடம்னு ஒருத்தவ வாங்குத கம்பெனியில அட்டையப் பாக்கா. ரெண்டு கையெழுத்து இருக்கா, அத மட்டுந்தான் பாப்பா. போட்டுட்டுப் பெட்டிய ஒட்டு. லெட்டர எடுத்துக்கோ.” அவருடைய போன் அடித்தது. வாங்குகிற கம்பெனிதான். ஏசி அறைக்குள் சிக்னல் கிடைக்காது. வந்துட்டே இருக்கு, நாப்பத்தொண்ணு சார், ரெக்கார்டு சார் என்றபடி முற்றத்துக்குப் போனார்.

அறையில் ஜெஸ்வினும் மூன்று காகிதமும். கோடு போட்ட அட்டை. கோடு போடாத அட்டை. லெட்டர்.

லெட்டரை அவன் தொடவில்லை, ஆனால் முழுதும் படித்தான். ‘தங்கள் நேர்மையான பணியைப் பாராட்டி’ என்று ஆரம்பித்தது. சிரிப்பு வரவேண்டிய இடத்தில் அவனுக்குக் கண் கலங்கியது. மூன்று கம்பெனி, இரண்டு வருடம், கடைசியில் நேர்மை என்று அச்சில் வந்த ஒரு வரி. அதை வாங்கிக்கொள்ள ஒரே ஒரு பொய்க் கையெழுத்து போதும். விலை குறைவுதான். அவனுக்குத் தெரிந்த ஒரு இடுப்பும் அந்த நாற்பதில் இல்லை. சேலத்தில் யாரோ, ஓங்கோலில் யாரோ. விழுந்தாலும் அவன் பெயரைச் சொல்லி விழப்போவதில்லை.

போன் அதிர்ந்தது. அத்தை: “எய்யா லெட்டர் வந்தாச்சா, போட்டோ அனுப்பு, எல்லாரும் காத்துக்கிட்டு இருக்கோம்.” கீழே மகிமா: “பொறுங்க அத்த, அண்ணன் வேலையில இருக்கும்.”

ஆமாம், வேலையில்தான் இருந்தான். சரிபார்த்தவன் என்ற வேலை. ஆறு மாதத்தில் அவன் எதையும் சரிபார்த்ததில்லை என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. கையெழுத்து போட்டிருந்தான், அவ்வளவுதான். நேற்று வினிகர் வாங்கப் போனதுதான் முதல் சரிபார்ப்பு.

கோடு போட்ட அட்டையை இழுத்து, சரிபார்த்தவர் என்ற இடத்தில் பெயரை எழுதினான். எழுத்து தேள் ஊர்ந்ததுபோல வந்தது. அதற்குக் கீழே ‘குறிப்புகள்’ என்று நாலு வரி இடம். எட்டு லாட்டாக அந்த இடம் காலியாகவே போயிருக்கிறது. என்ன எழுதுவது என்று யோசித்தால் எழுதமாட்டோம் என்று அவனுக்குத் தெரியும். அதனால் போனை எடுத்து, குடும்பத்திடம் பேசுவதுபோல வாய்க்கு வந்ததை மெல்லப் பேசினான். போன் எழுதியது. அதைப் பார்த்து அட்டையில் நகல் எடுத்தான். யோசனையில்லாமல் எழுதுவதற்கு நகல் எடுப்பதைப்போல நல்ல வழி இல்லை.

அட்டையைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, தண்டுகளின்மேல், பெட்டியைத் திறந்ததும் கண்ணில் படும்படி வைத்தான். மொட்டையான வில்லையையும் காகிதத்தில் பொதிந்து பக்கத்தில் வைத்தான். நாடாவை நாலு சுற்று சுற்றி ஒட்டினான். டெம்போக்காரர், இன்னாபா இவ்ளோ நேரம், உள்ள ஆளையே மடிச்சு வெச்சிகீறியா என்றார். நாப்பது பேரு இடுப்பு மட்டும் இருக்குண்ணே, பாத்துப் போங்க என்றான் ஜெஸ்வின். அவர் பெட்டியைத் தூக்கின விதத்தில் அதற்குப் பிறகு ஒரு மரியாதை இருந்தது.

உள்ளே வந்து, தன் கையெழுத்து இல்லாத புது அட்டையை எடுத்து லெட்டரின்மேல் வைத்தான். அதன்மேல் கண்ணாடிக் குண்டை வைத்தான். பேச்சு முடிந்து சண்முகவேல் வந்தால் முதலில் அதைத்தான் பார்ப்பார். இன்னும் ஐந்து நிமிடம் இருக்கும். அத்தைக்கு என்ன சொல்வது என்று அந்த ஐந்து நிமிடத்தில் யோசிக்கவேண்டும்.

டெம்போ அதற்குள் மார்க்கெட்டைத் தாண்டி, தகடு இறக்கும் லாரிகளுக்கு நடுவே ஹாரன் அடித்துக்கொண்டு மெயின் ரோட்டில் ஏறியிருந்தது. பெட்டிக்குள், அட்டையின் கீழ்ப்பகுதியில், நாலு வரி இடத்தில் ஆறு வரி நெருக்கி எழுதியிருந்தது:

“இது அறுநூறுல அடிச்சது, நானூத்தம்பது இல்ல. எக்ஸ்ரே ரிப்போர்ட்டு பழைய லாட்டோடது. கூட வச்சிருக்க வில்லை வினிகர் தண்ணியில ஒரு ராத்திரி கெடந்தது, அதையும் பாருங்க. அடிச்சவரு மேல தப்பு இல்ல, மாவு கொட்டுதுன்னு சொன்னதால ஏத்துனாரு. இதப் படிக்கிறவங்க யாரா இருந்தாலும் சரி, தயவுசெஞ்சு இந்த நாப்பதுல ஒண்ணக்கூட யாருக்கும் வச்சிராதீங்க. உரிச்சு அடிக்கதுக்குத் திருப்பி அனுப்புங்க.”